ஏணிக்கும் பொட்டலத்துக்கும் ஒரே கேட்

நெட்வொர்க் இன்ஜினியர் என்று அழகாக விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் ஒரு தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் அந்த இன்ஜினியர் முதலில் தேட வேண்டியது ஏணியை. கேபிள் எல்லாம் கூரையை ஒட்டித்தான் ஓடும். ஏணியோ எலெக்ட்ரிக்கல் டிபார்ட்மென்டில் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும். இந்தத் தொழிலில் இருந்தவர்கள் இதைப் படிக்கும்போதே தலையை ஆட்டுவீர்கள் என்று தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த முதல் சில வருடங்கள், குன்றத்தூரில் ஓர் அறையில் நண்பர்களோடு தங்கிக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று பைக்கில் சுற்றிக்கொண்டிருந்தேன். எங்கு பார்த்தாலும் புதுத் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்த நேரம். எல்லாரும் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார்கள். அவற்றை ஒன்றோடு ஒன்று பேச வைப்பது எங்கள் பாடு. அதில் ஒரே ஒரு தொழிற்சாலையில், ஒரு டிசம்பரில் நடந்தவை மட்டும் இங்கே. கார் கம்பெனிகளுக்கு இரும்புப் பாகங்கள் செய்து அனுப்புகிற இடம். பெயர் வேண்டாம். இப்போது போனாலும் எனக்கு அங்கே டீ கொடுப்பார்கள், அதைக் கெடுத்துக்கொள்வானேன்.

ஏணியின் பயணம்

அந்தத் தொழிற்சாலையில் இரண்டு யூனிட். முதலாவதில் தகட்டை அழுத்தி வடிவம் கொடுப்பார்கள். இரண்டாவதில் பெயின்ட் அடித்து, பெட்டியில் அடுக்கி, லாரியில் ஏற்றுவார்கள். நடுவில் ஓர் ஆள் உயரத்துக்குச் சுவர். முதலாளி ஒருவர்தான், ஆனால் எக்சைஸ் வரிக் கணக்கில் இரண்டும் தனித்தனிக் கம்பெனி. அதனால் ஒரு திருகாணி போவதானாலும் முதல் கேட் வழியாக வெளியே போய், ரோட்டைச் சுற்றிக்கொண்டு, இரண்டாவது கேட் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். இரண்டு கேட்டுக்கும் செக்யூரிட்டி முனுசாமி ஒருவரே பொறுப்பு. சைக்கிளில் இங்கும் அங்கும் போய் வருவார். ஒவ்வொரு தள்ளுவண்டியையும் நிறுத்தி, சீட்டைப் பார்த்து, சரக்கைப் பார்த்து, முத்திரை குத்தி அனுப்புவார். அவர் அந்தக் கேட்டில் இருந்தால் இந்தக் கேட்டில் வண்டிகள் வரிசையாக நிற்கும்.

நான் போன முதல் நாள், எனக்கு இரண்டாவது யூனிட்டில் ஏணி வேண்டியிருந்தது. ஏணி முதல் யூனிட்டில் இருந்தது. சுவருக்கு மேலே தூக்கிக் கொடுத்தால் அந்தப் பக்கம் ஒருவர் வாங்கிக்கொள்வார், வேலை முடிந்தது என்று நினைத்து ஏணியைத் தூக்கினேன். விசில் சத்தம் கேட்டது. முனுசாமி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கடைசியில் கேட் பாஸ் வாங்கி, ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு, மழைச் சேற்றில், டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் பார்க்க, ரோட்டைச் சுற்றி வந்தேன். இரண்டாவது கேட்டில் முத்திரை குத்திக்கொண்டே முனுசாமி சமாதானம் சொன்னார்:

"ஏணி போட்டு நீ சுவரு ஏறிக் குதிச்சாக்கூட நான் கண்டுக்க மாட்டேன் சார். ஏணி குதிக்கணும்னா கேட் பாஸ் வோணும்."

யோசிக்கும் பிரின்டர்

என்னைக் கூப்பிட்டது எதற்கு என்றால், சாயங்காலமானால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நத்தையாகிவிடுகின்றன என்று புகார். அதிகம் அவதிப்பட்டவர் ஸ்டெல்லா. மண்ணூர்ப் பக்கத்துப் பெண். இரண்டாவது யூனிட்டில், சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவில் லேபிள் அடிக்கும் வேலை. ஒவ்வொரு பெட்டியிலும் பார்கோடு அச்சிட்ட லேபிள் ஒட்டியிருந்தால்தான் கார் கம்பெனிக்காரன் சரக்கை இறக்குவான். பகலெல்லாம் லேபிள் சரசரவென்று வரும். ஷிப்ட் முடிகிற நேரத்தில் எல்லாப் பிரிவுகளும் அன்றைய உற்பத்தியைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்ததும், ஒரு லேபிள் வரும், அப்புறம் பிரின்டர் யோசிக்கும். இன்னொன்று வரும், மறுபடி யோசிக்கும். லாரி நிற்கும், சூப்பர்வைசர் கத்துவார். கடைசி லேபிளை ஒட்டிவிட்டு நிமிர்ந்தால் கம்பெனி பஸ் போயிருக்கும். டிஸ்பாட்ச் ஆட்கள் அந்த பஸ்ஸின் பின்பக்கத்தை மட்டும்தான் பார்த்திருந்தார்கள்.

பஸ்ஸை விட்டால் ஷேர் ஆட்டோ, அப்புறம் இன்னொரு பஸ், வீட்டுக்குப் போவதற்குள் இருட்டிவிடும். அது ஸ்டெல்லாவுக்குப் பழகிப்போயிருந்தது. ஆனால் அந்த டிசம்பரில் விஷயம் வேறு. ஊர்க் கோவிலில் கிறிஸ்துமஸ் பூசைக்கு, முதல் பாட்டின் முதல் அடியை அவர் தனியாகப் பாடுவதாக முடிவாகியிருந்தது. சின்ன வயதிலிருந்து கூட்டத்தோடு பாடியவருக்கு முதல் முறையாகத் தனிக் குரல். ஒத்திகை தினமும் சாயங்காலம். ஒன்றுக்குக்கூட அவரால் போய்ச் சேர முடியவில்லை. வருகிற சனிக்கிழமை கடைசி ஒத்திகை. அதற்கும் வராவிட்டால் அந்த அடியைத் தன் மைத்துனர் மகள் பாடுவாள் என்று பாடகர் குழு மாஸ்டர் சொல்லிவிட்டாராம். இவ்வளவையும் இரண்டு லேபிளுக்கு நடுவில் சொல்லி முடித்தார் ஸ்டெல்லா. கண் கலங்கியிருந்தது, ஆனால் பேச்சில் நையாண்டி குறையவில்லை.

"பிரின்டர் மேல பழி போட்டா மாஸ்டர் நம்ப மாட்டேன்றாரு சார். ஒண்ணு, நீங்க வந்து அவருகிட்ட சாட்சி சொல்லுங்க. இல்ல, இத சரி பண்ணிக் குடுங்க. எது சீக்கிரமா ஆவும்?"

சல்யூட்

காரணம் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. நெட்வொர்க்கில் எந்தத் தகவலும் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும். முதல் யூனிட்டுக்கு ஒரு நெட்வொர்க், இரண்டாவதுக்கு இன்னொன்று என்று அங்கே பிரித்து வைத்திருந்தார்கள். ஒரே நெட்வொர்க்குக்குள் போகிற பொட்டலத்தை ஸ்விட்ச் என்ற பெட்டி நிறுத்தாமல் தள்ளிவிடும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகிற பொட்டலம் மட்டும் ரூட்டர் என்ற பெட்டியிடம் நின்று, விலாசத்தைக் காட்டி, வழி கேட்டுக்கொண்டு போக வேண்டும். லேபிள் விவரம் எல்லாம் இருந்த சர்வர் முதல் யூனிட்டில், ஸ்டெல்லா இரண்டாவதில். ஆக ஸ்டெல்லாவின் ஒவ்வொரு பொட்டலமும் ரூட்டரிடம் நின்று வந்தது. சாயங்காலம் எல்லாரும் ஒன்றாக வந்து நின்றால், பாவம், ஒற்றை ரூட்டர் என்ன செய்யும்.

அந்தச் சமயத்தில்தான் ரூட்டர் வேலையையும் ஸ்விட்ச் வேலையையும் சேர்த்தே பார்க்கிற பெட்டி எங்கள் கைக்கு வந்திருந்தது. முதல் பொட்டலத்துக்கு மட்டும் விலாசம் பார்த்து வழி சொல்லும். அதே இடத்துக்குப் பின்னால் வருகிறவற்றை அதே வழியில் நிறுத்தாமல் தள்ளிவிடும். இதை ரகுராமன் சாருக்கு விளக்க வேண்டியிருந்தது. அவர் அந்தத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவு. பிரிவின் தலைவர் என்று சொல்லவில்லை, பிரிவே அவர்தான். நான் போர்டில் இரண்டு கேட், ஒரு சைக்கிள் எல்லாம் வரைந்தேன். "முனுசாமி அண்ணன் ஒவ்வொரு வண்டியா நிறுத்துதாரு இல்லையா சார்? அதுக்குப் பதிலா மொத வண்டிய மட்டும் பாத்துட்டு, அதே சரக்கு, அதே இடம்னா மிச்ச வண்டியெல்லாம் போகட்டும்னு விட்டா எப்படி இருக்கும்? அதான் சார் இது" என்றேன். அவருக்குப் பிடித்துவிட்டது. சோதனைக்கு வைத்துப் பாருங்கள், சனிக்கிழமைக்குள் வேகம் தெரியாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கும் சனிக்கிழமை, ஸ்டெல்லாவுக்கும் சனிக்கிழமை.

போர்டை அழிக்க மறந்துவிட்டோம். டீ கொண்டுவந்தவர் படத்தில் சைக்கிளைப் பார்த்துவிட்டு, முனுசாமி இடத்தில் ஏதோ பெட்டி வரப்போகிறது என்று கேட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் என் பையை முனுசாமி தலைகீழாகக் கொட்டிச் சோதனை போட்டார். டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சை சாதத்தைக்கூட விசாரித்தார். நான் விளக்கம் சொல்லி முடிக்கும் வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றுவிட்டு, கடைசியாகக் கேட்டார்:

"எல்லாம் சரி சார், பொட்டிய வச்சிக்கோ. எம்.டி. காரு வந்தா அது எழுந்து நின்னு சல்யூட் அடிக்குமா?"

நல்ல வெளிச்சம்

பெட்டி வந்தது. கேட் பாஸோடு வந்தது. கேபிள் இழுக்க ஏணியும் மறுபடி ரோட்டைச் சுற்றி வந்தது. வேலை முடித்து, சட்டையில் ஒட்டடையோடு நின்று பார்த்தேன். பச்சை விளக்குகள் வரிசையாகச் சிமிட்டின. பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு ரகுராமன் சார் எல்லாரிடமும் சொன்னார்.

சாயங்காலம் டிஸ்பாட்சுக்குப் போனேன். ஒரு லேபிள் வந்தது. பிரின்டர் யோசித்தது. ஒரு துளிகூட வேகம் கூடவில்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகினேன், பெட்டியை நிறுத்திப் போட்டேன், நம் தொழிலில் வழி தெரியாதபோது செய்கிற எல்லாவற்றையும் செய்தேன். அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. பஸ் போகிற சத்தம் கேட்டது. ஸ்டெல்லா என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டார்.

"பொட்டில லைட்டு எல்லாம் ரொம்ப அழகா எரியுதுன்னு ரகு சார் சொன்னாரு சார். வேற எதுக்கும் ஆவலன்னா, எங்க கோவில் குடிலுக்கு இரவல் குடுங்க. குழந்தை இயேசு பக்கத்துல வச்சிக்கறோம்."

டீக்கடை வழி

வெள்ளிக்கிழமை. நாளைக்கு ஸ்டெல்லாவின் கடைசி ஒத்திகை, என் பெட்டிக்கும் கடைசி நாள். மனசு சரியில்லாமல் ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. தார்ப்பாய் போர்த்திய தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, பழனி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் யூனிட்டிலிருந்து இரண்டாவதுக்குச் சரக்கு தள்ளுகிறவர்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வாரம்தான் இரண்டு யூனிட்டும் எக்சைஸ் கணக்கில் ஒன்றாகிவிட்டன. நடுச்சுவரை இடித்துப் பெரிய கதவே வைத்துவிட்டார்கள். தள்ளுவண்டி நேராக உள்ளுக்குள்ளேயே போகலாம், சீட்டு வேண்டாம், முத்திரை வேண்டாம். அப்படியிருக்க இந்த மனிதர் மழையில் நனைந்துகொண்டு ஏன் ரோட்டைச் சுற்றுகிறார்? கேட்டேன். பழனி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"கதவு நல்லாத்தான் கீது சார். கதவுக்கு அந்தாண்ட டீக்கடை இல்லியே."

வெளியூர்த் தபால், உள்ளூர்த் தபால்

மீதி டீயை வைத்துவிட்டு ஓடினேன். கதவு வைத்துவிட்டால் போதுமா, வண்டி அந்த வழியாக வர வேண்டாமா? ஸ்டெல்லாவின் கம்ப்யூட்டரைத் திறந்து, அடுத்த நெட்வொர்க்குக்குப் போக அது யாரிடம் வழி கேட்கிறது என்று பார்த்தேன். பழைய ரூட்டரிடம். பக்கத்துக் கம்ப்யூட்டரும் பழைய ரூட்டரிடம். என் புதுப் பெட்டி ராஜா மாதிரி உட்கார்ந்திருக்க, அத்தனை பொட்டலமும் பழைய கேட்டில் போய் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. பழைய ரூட்டரின் விலாசத்தை, பெட்டி வைத்த அன்றைக்கே புதுப் பெட்டிக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னவர் ரகுராமன் சார்.

கோபத்தோடுதான் அவர் அறைக்குள் போனேன். பழைய ரூட்டர் அலமாரியின் கீழ்த்தட்டில் சூடாக ஓடிக்கொண்டிருந்தது. மேலே தூசி விழாமல் ஒரு துணி. "ரெண்டும் இருக்கட்டுமேன்னு விட்டேன் தம்பி. புதுசு படுத்துக்கிட்டா ஒரு துணைக்கு ஆகுமே" என்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். அந்தத் தொழிற்சாலைக்கு அவர் முதன்முதலில் வாங்கிய பெட்டி அது. சென்னையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம், பக்கத்து சீட்டுக்காரர் ஸ்வீட் என்று நினைத்து முகர்ந்து பார்த்தாராம். என் கோபம் போன இடம் தெரியவில்லை. எனக்கும் முதல் வேலையில் வாங்கித் தந்த, கேபிள் முனையில் பிளக் பொருத்தி அழுத்துகிற கிரிம்பிங் டூல் ஒன்று இருக்கிறது, கேட்டால் யாருக்கும் தர மாட்டேன்.

"தூக்கிப் போட வேண்டாம் சார். சென்னை ஹெட் ஆபீஸ் லைன இதுவே பாக்கட்டும். யூனிட்டுக்குள்ள நடக்கிறத மட்டும் புதுசு பாக்கட்டும்" என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. உடனே மாற்றலாம் என்றால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதையும் தொடக் கூடாது, கெட்டால் கூப்பிட ஆள் கிடைக்காது என்று தடுத்துவிட்டார். இதில் எனக்கும் மறுபேச்சு கிடையாது, உங்களுக்கும் இருக்காது. சனிக்கிழமை மதியம், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், அவரே உட்கார்ந்து விலாசத்தை மாற்றினார். மாற்றிவிட்டு பழைய பெட்டியைத் தட்டிக்கொடுத்தார்.

"வெளியூர்த் தபால் நீ, உள்ளூர்த் தபால் அவன். ரெண்டு பேரும் சண்டை போடாம இருங்கப்பா."

பஸ்ஸில் ஓர் ஆள்

அன்று சாயங்காலம் பிரின்டர் பக்கத்தில் நின்றுகொண்டேன். எல்லாப் பிரிவுக்காரர்களும் கணக்கை ஏற்ற ஆரம்பித்தார்கள். ஸ்டெல்லா பொத்தானை அழுத்திவிட்டு, பழக்கத்தில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். கையை எடுக்க நேரமில்லை. லேபிள் வந்தது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது, அதற்கடுத்தது. ஒட்டுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள் என்று கத்தினார்கள். அந்த டிபார்ட்மென்டில் மனிதர்கள் பிரின்டரைப் பொறுக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. லாரி கிளம்பிப் போனது. சூப்பர்வைசர் கத்துவதற்கு வாயைத் திறந்து, கத்த ஒன்றுமில்லாமல் மூடிக்கொண்டார்.

ஸ்டெல்லா பையை எடுத்துக்கொண்டு ஓடினார். ஓடியிருக்கவே வேண்டாம், பஸ்ஸில் ஒருவரும் இல்லை. ஆனால் எல்லா சீட்டிலும் கைக்குட்டை, டிபன் பை. தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப் ஆட்கள் மதியமே இடம் போட்டு வைப்பது அங்கே வழக்கம். டிஸ்பாட்சுக்கு என்று ஒரு சீட் எப்போதுமே இருந்ததில்லை, ஆள் வந்தால்தானே. அவர் எதையும் யோசிக்காமல் முதல் சீட்டுக் கைக்குட்டையை எடுத்து மடித்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் பஸ் வாசலில் நின்று கையாட்டினேன். டிரைவர் டீக்கடையிலிருந்து சாவகாசமாக வந்தவர், படியில் கால் வைத்ததும் ஸ்டெல்லாவைப் பார்த்தார். பதறிப்போய் வாட்சைப் பார்த்தார், வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தார், அப்புறம் என்னிடம் கேட்டார்:

"டிஸ்பாட்ச் பொண்ணு பஸ்ல குந்தினு கீது. அப்போ நான் எவ்ளோ லேட்டா வந்துகீறேன்?"

நின்றவர்கள்

கிறிஸ்துமஸ் முடிந்து ஸ்டெல்லா கேக் டப்பாவோடு வந்தார். அந்தச் சனிக்கிழமை ஒத்திகைக்குப் போனபோது கோவில் கதவே திறக்கவில்லையாம். சாவியோடு வந்த மாஸ்டர், புதிதாகச் சேர வந்த பெண்ணிடம் கேட்பதுபோல் கிண்டலாகப் பெயர் கேட்டாராம். பூசையில் பாடினீர்களா என்று கேட்டேன். பாடினேன் என்றார். எங்களுக்கு எப்படித் தெரியும் என்று ரகுராமன் சார் வம்புக்கு இழுத்தார். சாயங்கால நேரம், லேபிள் ஓடிக்கொண்டிருந்தது, லாரி வாசலில். ஸ்டெல்லா துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு, பிரின்டருக்குப் பக்கத்தில் நின்று, அந்த ஒரே ஓர் அடியைப் பாடினார்.

ஒட்டுகிறவர்கள் கையில் லேபிளோடு அப்படியே நின்றுவிட்டார்கள். சூப்பர்வைசர் நின்றுவிட்டார். பழனி கதவு வழியாகவே வந்து தள்ளுவண்டியோடு நின்றுவிட்டார். பிரின்டர் மட்டும் நிற்காமல் லேபிளைக் கக்கிக்கொண்டே இருந்தது, அது தரையில் சுருண்டு விழுந்தது. லாரி ஏன் இன்னும் கேட்டுக்கு வரவில்லை என்று பார்க்க வந்த முனுசாமி, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பாட்டு முடிந்தது. அப்புறம் முனுசாமி தொப்பியை மாட்டிக்கொண்டு, விறைப்பாக நின்று, ஸ்டெல்லாவுக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

"பொட்டி நிக்கல, பிரின்டர் நிக்கல, ஆளுங்க நின்னுட்டீங்க. லாரிக்காரன நான் பாத்துக்கறேன், இன்னொரு தபா பாடும்மா."

ஆக, நம் தொழிலில் பொட்டலத்தை நிற்காமல் அனுப்ப வழி கண்டுபிடித்துவிட்டோம், நானும் அந்தத் தொழிற்சாலைக்கு இன்னும் பல தடவை போய் வந்துவிட்டேன், ஆனால் புதுக் கதவு தள்ளுவண்டிக்கு மட்டும்தான் என்பதால் ஏணிக்கு இன்றுவரை கேட் பாஸ் வேண்டும்.